பெரியவங்க ஊடு

சார் யாரையும் ‘அப்படியா?’ என்று கேட்டதில்லை. யார் எது சொன்னாலும் ‘சொல்லுங்க’ என்பார். சொல்லி முடித்ததும் ‘உங்க பேரு?’ என்பார். அவ்வளவுதான். நம்பினாரா, நம்பவில்லையா என்பது முகத்தில் தெரியாது.

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் அப்போது ஓட்டுக் கட்டடம் ஒன்றில் லைப்ரரி இருந்தது. அவர் அதற்கு நூலகர். நான் கதவு திறப்பேன், பெருக்குவேன், பானையில் தண்ணீர் ஊற்றி வைப்பேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஊரில் எல்லாருக்கும் அவர் லைப்ரரி சார். எனக்கு சார்.

புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் சம்பளத்துக்குச் செய்த வேலை. அவருடைய வேலை வேறு. வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு. அன்றைக்குக் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சுற்றுவட்டாரத்தில் ஒரு குட்டையை விட மாட்டார். ஒரு கல்லை, ஒரு மேட்டை விட மாட்டார். இதற்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர் என்று கேட்டு நீள நோட்டில் எழுதுவார். நோட்டு நிரம்பினால் லைப்ரரி முத்திரை குத்தி, புத்தகத்துக்குப் போடுகிற மாதிரியே நம்பர் போட்டு, தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பீரோவில் வைப்பார். அந்துருண்டை போடுவது என் பொறுப்பு. அந்த நோட்டுகளை யாரும் கேட்டு வாங்கிப் படித்து நான் பார்த்ததில்லை.

எழுதும்போது பேனா மூடி பல்லில் இருக்கும். அதனால் அவர் கேட்கிற கேள்வியே பாதிப் பேருக்குப் புரியாது.

பழவேற்காட்டில் மீன் பிடிக்கிறவர்கள் அவரை ரொம்ப ஓட்டுவார்கள். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர், தண்ணீருக்கு நடுவே தெரிந்த மணல் திட்டைக் காட்டி ஒரு பேர் சொன்னார். கெட்ட வார்த்தை. சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சார் எழுதிக்கொண்டார்.

“இன்னா சார், நெசமாவே எழுதிக்கினியா?”

“சொன்னீங்களே.”

“தமாசுக்குச் சொன்னேன் சார்! அழிச்சுடு சார். எங்க மாமனாரு படிக்கத் தெரிஞ்ச ஆளு. என்னிக்கினா உங்க லைப்ரரியாண்ட வந்து பாத்தாருன்னா என் மானம் பூடும்.”

“அழிக்க மாட்டேன். தமாசுன்னு சொன்னீங்களே, அதையும் கீழ எழுதிக்கிறேன். உங்க பேரு?”

அந்த ஆள் வலையை அப்படியே போட்டுவிட்டுப் படகுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ‘பேர் சொல்லவில்லை’ என்று சார் அதையும் எழுதினார். சிரிக்கவில்லை.

கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதுதான் அவர். ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார் ஒரு நாள் பேப்பர் படிக்க வந்தவர், மேஜையில் விரித்திருந்த நோட்டைப் பார்த்துவிட்டார்.

“என்ன சார் இது, ஊடு, ஆண்ட, கீறாருன்னு. கொச்சையா இருக்கே. வீடுன்னு எழுதக் கூடாதா?”

“வீடுன்னு அவங்க சொல்லல.”

“அர்த்தம் அதானே?”

“அர்த்தத்தைப் படிக்கிறவங்க பாத்துக்கட்டும். நான் ஒரு எழுத்து சேர்த்தாலும் அப்புறம் அது என் நோட்டு சார். அவங்க நோட்டு இல்ல.”

“அப்போ நீங்க எதுக்கு? ஒரு டேப் ரிக்கார்டர் போதுமே” என்று வாத்தியார் சிரித்தார். சார் பேனாவைத் திறந்தார். மூடியைப் பல்லில் வைத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் சேரி ஆட்கள் வேலை செய்த வயல்களெல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டைப் பெரிய ஊடு என்போம். அந்த வீட்டுக்காரர் ஒரு தடவை லைப்ரரிக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஊர்க் கதையெல்லாம் எழுதறீராமே. ஏரி எங்க தாத்தா வெட்டுனது. எழுதிக்கும்.”

சார் எழுதினார். படித்தும் காட்டினார். ‘ஏரியைத் தன் தாத்தா வெட்டியதாக இவர் சொல்கிறார்.’

“சொல்கிறார்னா? நான் பொய் சொல்றேனா?”

“நீங்க சொன்னீங்க. வேற யாரும் இன்னும் சொல்லல.”

“வேற எவன் சொல்லணும்? இந்தப் பெருக்கறவனா?” என்று என்னைக் காட்டினார்.

சார் பல்லிலிருந்து மூடியை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கேலிக்கு இல்லை. நிஜமாகவே கேட்டார். “ஏரி வெட்டுனது யாருன்னு உங்க பக்கம் என்ன சொல்லுவாங்க?”

நான் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு “தெரியாது சார்” என்றேன். தெரியும். எங்கள் ஆட்கள் மண் சுமந்த ஏரி அது. யார் யார் சுமந்தார்கள் என்று பேரோடு சொல்வார்கள். அவர் எதிரில் நான் எப்படிச் சொல்வது?

அவர் போன பிறகு சார் சொன்னார். “தெரியாதுன்னியே, அதையும் எழுதிட்டேன்.”

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். திருவள்ளூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மணவாள நகரில் தங்கச்சி குடும்பம் இருந்தது. இங்கே மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாக இருந்தார். காலை நாஷ்டா ரயிலடிக் கடையில். எப்போதும் இரண்டு இட்லிதான். “உங்க ஊட்டுல எல்லாரும் சார்?” என்று ஒரு தடவை கேட்டேன். “இல்ல” என்றார். நான் மேலே கேட்கவில்லை. ஊரெல்லாம் கேட்டு எழுதியவர். அவரைக் கேட்டு எழுத ஆள் இல்லை.

எங்கள் சேரி புதுவாயலுக்குப் பக்கத்தில். சேரிக்கு வடக்கே ஒரு மேடு. செத்தவர்களை அங்கே புதைப்போம். புதைத்தாலும் எரித்தாலும் அந்த மாதிரி இடத்துக்கு எல்லாரும் சொல்கிற பேர் ஒன்று இருக்கிறது. எங்கள் சேரியில் அதை வாயால் சொல்ல மாட்டோம். சொன்னால் சொன்னவன் வீட்டில் அடுத்தது விழும். பிள்ளைத்தாய்ச்சி எதிரில் அந்த வார்த்தை மட்டுமில்லை, சாவு, குழி, பொணம் எதுவும் பேசக் கூடாது. அதனால் மேட்டுக்குப் பெரியவங்க ஊடு என்று பேர். ‘பெரியவங்க ஊட்டுக்குப் போயிட்டான்’ என்றால் செத்துவிட்டான் என்று அர்த்தம். என் பெண் பூங்காவனத்துக்கு ஆறு வயது. வாந்திபேதி. அவளும் பெரியவங்க ஊட்டுக்குத்தான் போனாள்.

அன்றைக்கு சார் வந்தார். மேட்டின் கீழே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோட்டு கொண்டு வரவில்லை. எல்லாரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார் என்று பிறகு அஞ்சலை சொன்னாள். அஞ்சலை என் மனைவி.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நோட்டோடு வந்தார். எங்கள் சேரிக்குப் பெரிய தலை கன்னியப்பன். எல்லாருக்கும் நைனா. அவரைக் கூட்டிக்கொண்டு போய் மேட்டைக் காட்டிக் கேட்டார்.

“இதுக்கு என்ன பேரு?”

“பெரியவங்க ஊடு சார்.”

“ஏன் அந்தப் பேரு?”

“பெரியவங்க கீறாங்க. அதான்.”

எழுதிக்கொண்டார். அது என்ன இடம் என்று அவருக்குத் தெரியும். என் பெண்ணை மண்ணில் இறக்கும்போது பார்த்தவர். ஏன் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம் என்பதும் தெரியும். அதை வேறொரு நோட்டில் அவரே எழுதி வைத்திருந்தார். ஆனால் இந்த இடத்தில் கன்னியப்பன் சொன்னது மட்டும்தான் இருந்தது.

அப்புறம் கம்பெனிகள் வரப் போகின்றன என்றார்கள். சங்கிலி பிடித்து அளந்தார்கள். வெள்ளையடித்த கல் நட்டார்கள். எங்கள் மேட்டில் நாலு கல் விழுந்தது. சர்க்கார் பதிவில் அது வெறும் தரிசு. ஆட்சேபணை இருந்தால் விசாரணைக்கு வந்து சொல்லலாம், கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள்.

கன்னியப்பன் என்னிடம் வந்தார். “எழுத்துல எதனா கீதாடா? நீ எழுத்தாண்ட கீறவன்.”

“கீது நைனா. சார் நோட்டுல கீது. சீல் குத்துன நோட்டு. கவுர்மெண்டு சீலு.”

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. சேரியே அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றது.

சாரிடம் கேட்டேன். “அந்த நோட்டை எடுத்துக்கினு வரீங்களா சார்?”

“வரேன்” என்றார். அவரே பீரோவைத் திறந்து, அந்த நோட்டை எடுத்து, தன் துண்டால் துடைத்து மேஜையில் வைத்தார்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி தெற்கத்திக்காரர். நல்ல மனிதர். எங்களை உள்ளே வந்து நிற்கச் சொன்னார். கத்தவில்லை. பக்கத்தில் கர்ணம் உட்கார்ந்திருந்தார். ஊர் நிலப் பதிவெல்லாம் அவர் கையில். உள்ளூர்க்காரர். எங்கள் பேச்சு முழுக்கத் தெரிந்தவர். நாங்கள் சுவர் ஓரமாக நின்றோம். அஞ்சலையும் வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “எம் பொண்ணு கீற எடம், நான் வராத பின்ன யாரு வருவா?” என்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

அதிகாரி நோட்டை வாங்கிச் சத்தமாகப் படித்தார். “‘இந்த மேட்டுக்குப் பெரியவங்க ஊடு என்று பேர். ஏன் என்றதற்கு, பெரியவங்க கீறாங்க, அதான் என்றார். சொன்னவர் கன்னியப்பன்.’ ஊடுன்னா என்னய்யா?”

“வீடுங்க. இந்தப் பக்கம் ஊடும்பாங்க” என்றார் கர்ணம்.

“ஓ. பெரியவங்க வீடு. யாரு அந்தப் பெரியவங்க?”

கர்ணம் மேஜையைப் பார்த்தார். “இங்க பெரிய வீடுன்னா நிலக்காரர் வீடுங்க” என்றார். அது பொய் இல்லை.

“அவருதான் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டாரே. பழைய வீடு இருந்த இடமா? இப்ப வீடு ஏதாவது நிக்குதா?”

“இல்லைங்க. வெறும் மேடுதான்.”

கன்னியப்பன் முன்னால் வந்தார். “சார், பெரிய ஊடு இல்ல சார். பெரியவங்க ஊடு.”

“அதைத்தானய்யா நானும் சொல்றேன்.”

“அது வேற சார். இது வேற.”

“என்ன வேற? சொல்லு. உங்க ஆளுங்களுக்கு அங்க வீடு இருக்கா?”

“எங்க எல்லாருக்கும் கீது சார்.”

“எத்தனை பேர் குடியிருக்கீங்க?”

பின்னால் யாரோ சிரித்துவிட்டான். உடனே நிறுத்திக்கொண்டான். கன்னியப்பன் திரும்பி எங்களைப் பார்த்தார். அஞ்சலையைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

அவளை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி சாரிடம் திரும்பினார். “எழுதினது நீங்கதானே? நீங்க படிச்சவர். அது என்ன இடம், நீங்க சொல்லுங்க.”

சார் எழுந்து நின்றார். கையில் பேனா இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்த அஞ்சலையைப் பார்த்தார்.

“அவங்க சொன்னது அவ்வளவுதாங்க. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.”

“தெரியாதா, சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாதுங்க.”

“அப்போ நான் என்னத்தைய்யா எழுதறது?” என்றார் அதிகாரி. எரிச்சல் இல்லை. நிஜமாகவே எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். காத்திருந்தார்.

எனக்கு வாய் இருந்தது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முதுகுக்குப் பின்னால் அஞ்சலை மூச்சு வாங்குவது கேட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி எழுதினார். அடுத்த சர்வே நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் கன்னியப்பன் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். “இன்னாடா உன் சாரு? நோட்டு நோட்டுன்னியே. நோட்டு இல்லாங்காட்டி யாருதும் இல்லாத தரிசு, எங்களுக்கு உடுங்கன்னு வாதாடியிருக்கலாம். இப்ப எழுதி வெச்சே பெரிய ஊட்டுக்குக் குடுத்துட்டாரு. பேஜாரு புடிச்ச நோட்டு.”

சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஏறவில்லை. நடந்தே போனார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சண்டை இல்லை. கதவு திறந்தேன், பெருக்கினேன், தண்ணீர் ஊற்றினேன். அவரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வெளியே போவதை நிறுத்திவிட்டார். அறையிலேயே கிடந்தார் என்று மில்காரர் சொன்னார். ஒரு நாள் அடக்க முடியாமல் நானே கேட்டேன்.

“ஏன் சார் சொல்லல?”

பேனாவை மூடி வைத்துவிட்டுப் பேசினார். “என் வழக்கத்துக்காக வாயை மூடினேனா, உங்க வழக்கத்துக்காக மூடினேனான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். தெரியல.”

எனக்கு அது போதவில்லை. ஆனால் அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

அஞ்சலைக்குப் பையன் பிறந்தான். குறை ஒன்றும் இல்லை. நன்றாக அழுதான். அவனைப் பார்க்க வந்தவர்கள் யாரும் மேட்டைப் பற்றிப் பேசவில்லை. பையன் தவழும்போது புல்டோசர் வந்தது. சேரியில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம். சத்தம் மட்டும் வந்தது. காலையில் ஆரம்பித்து வெயில் சாய்கிற வரைக்கும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சார் ஆள் அனுப்பி லைப்ரரியைத் திறக்கச் சொன்னார். போனேன். வேட்டியில் முழங்கால் வரைக்கும் செம்மண். காலை முதல் அங்கேயேதான் நின்றிருக்கிறார். பானைத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டார். உட்கார்ந்து புது நோட்டை விரித்தார். யாரும் எதிரில் இல்லை. கேட்க ஆள் இல்லை. சொல்ல ஆள் இல்லை. தானாகவே எழுதினார். நிறுத்தாமல் எழுதினார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

முடித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“நான் பாத்ததை எழுதியிருக்கேன். என்ன இடம், என்ன வெளிய வந்துது, எங்க கொண்டு போய்க் கொட்டினாங்க, எல்லாம். என் வார்த்தையிலயே எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?”

“வாணாம் சார்.”

“உன் பொண்ணு…”

“வாணாம் சார்.”

அவர் கை நோட்டின் மேல் இருந்தது. மசி காயவில்லை. விரலெல்லாம் நீலம். சரி என்று தலையாட்டினார். ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த மேட்டில் இப்போது இரும்புக் கம்பெனி. எங்கள் ஆட்கள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது. கன்னியப்பனின் மகன் கேட்டில் வாட்ச்மேனாக நின்றான். புதைப்பதற்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் கொடுத்தார்கள். மழைக்குத் தண்ணீர் நிற்கும். அதற்கு யாரும் இன்னும் பேர் வைக்கவில்லை. முதலில் அங்கே போனவர் கன்னியப்பன்.

சார் ரிட்டையர் ஆகி மணவாள நகருக்குப் போனார். புதிதாக வந்தவர் பீரோவில் இடம் வேண்டுமென்று நோட்டுகளைச் சாக்கில் கட்டச் சொன்னார். அச்சடித்த புத்தகம் இல்லையாம், விலை போடவில்லையாம், லைப்ரரிக் கணக்கில் வராதாம். நான்தான் கட்டினேன். மேலிடத்துக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். எந்த மேலிடம் என்று தெரியாது. பிரித்து ஒரு பக்கம்கூட நான் படிக்கவில்லை.

அவர் செத்ததற்குத் தந்தி வந்தது. காலை வண்டி பிடித்து, பேசின்பிரிட்ஜில் மாறி, திருவள்ளூரில் இறங்கி நடந்து போனேன். சின்ன வீடு. கூட்டம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் என்னை யார் என்று கேட்டார். லைப்ரரியில் பெருக்குகிறவன் என்றேன். உட்காரச் சொன்னார். பிறகு தெருவில் இறங்கி, பந்தல் போடுகிறவரைப் பார்த்துக் கத்தினார்.

“சுடுகாட்டுல சொல்லியாச்சா? நாலு மணிக்கு எடுத்துடலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிர் வீட்டு வாசலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீப்பில் சிக்கின முடியை உருவி விரலில் சுற்றி எறிந்தாள். அவர் இன்னும் இரண்டு தடவை அந்த வார்த்தையைச் சொன்னார். சாமான் வாங்கப் போகிறவன் கடையின் பேரைச் சொல்வது போலச் சொன்னார்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். நானும் போனேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் குறைவு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். மெல்லச் சொல்ல நினைத்தது சத்தமாகவே வந்துவிட்டது. எதிரில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“இன்னா நைனா, எங்க எறங்கணும்?”

பேசின்பிரிட்ஜ் என்றேன்.